உதகையின் உறைபனிக் காலத்தில் வீட்டுப் பூனைகளைக் கதகதப்பாக வைத்திருப்பது எப்படி?

வைகைக்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பணியிட மாற்றம் காரணமாக நாங்கள் மதுரையிலிருந்து உதகைக்குக் குடிவந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எங்களோடு இரண்டு பூனைகளும் மலையேறி வந்திருக்கின்றன. செல்லாயி 13 வயதுப் பெட்டைப் பூனை. கருப்பன் ஒன்றரை வயதுக் கடுவன். இரண்டுமே பிறந்ததிலிருந்து மதுரை வெயிலை மட்டுமே அறிந்தவை.

காந்தல் பக்கம் சற்றுப் பள்ளமான இடத்தில் எங்கள் வாடகை வீடு இருக்கிறது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, பின்கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நவம்பரில் நீர்ப்பனி மட்டுமே விழுந்ததால் சமாளித்துவிட்டோம். டிசம்பர் கடைசியிலிருந்து, காலையில் கதவைத் திறந்தால் வாசற்புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. செல்லாயி இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள சந்தில் நுழைந்துகொண்டு வெளியே வர மறுக்கிறாள். விடியற்காலையில் அவள் காதுகளைத் தொட்டால் சில்லென்று இருக்கின்றன. மதுரையில் ஒரே தாவலில் ஜன்னல் திண்டில் ஏறிவிடுபவள், இங்கே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். நான்கு நாட்களாகத் தும்மலும் இருக்கிறது. கருப்பன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறான், ஆனால் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் அதிகம் போவதில்லை.

அக்கம்பக்கத்தார் அன்போடு பல யோசனைகளைச் சொல்கிறார்கள். நெஞ்சில் கொஞ்சம் நீலகிரித் தைலம் தடவச் சொல்கிறார் ஒருவர். இரவில் கூடத்தில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்கிறார் இன்னொருவர். என் மனைவி ஆசையாகப் பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டதும் செல்லாயி அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்து, கழற்றும்வரை அசையவே இல்லை. இரவு முழுவதும் ரூம் ஹீட்டரை ஓடவிடத்தான் வேண்டுமா? வேறு வழி இருந்தால், இங்கே பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கேத்தி மலர்விழி எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. கேத்தியில் 26 ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறேன். உங்களுக்கு வேண்டிய விடையைச் செல்லாயியே காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்தச் சந்து குறுகலானது, மூன்று பக்கம் அடைப்பு உள்ளது, காற்று புகாதது, லேசான சூடும் உள்ளது. பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கூடுதல் சக்தியைச் செலவழிக்காமல் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள அதற்குச் சுற்றிலும் 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், நமக்கு இதமாகத் தோன்றும் அறைகூட அதற்குக் குளிர்தான். அந்த 30 டிகிரியை ஓர் அறை முழுவதும் உண்டாக்க நம்மால் முடியாது. பூனையின் சொந்தச் சூடே நிறைந்து நிற்கும் அளவுக்குச் சிறிய ஓர் இடத்தை அமைத்துத் தருவது மிக எளிது.

சந்தையில் மீன் கடைகளில் மூடியுடன் கூடிய தெர்மாகோல் பெட்டிகள் கிடைக்கும். ஒன்றை வாங்கி, வாடை போகும்வரை சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். வாடை இருந்தால் பூனை அதைக் கடித்துத் தின்னப் பார்க்கும், ஆகவே உட்பக்கம் முழுவதும் அட்டையை வெட்டி ஒட்டிவிடுவது நல்லது. பெட்டிக்குள் பூனை ஒருமுறை சுற்றித் திரும்பிச் சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய பெட்டி வாங்கினால் சூடு நிற்காது. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாக, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அளவில் வாசல் வெட்டுங்கள். செல்லாயிக்குத் தாவ முடியவில்லை என்பதால் அந்த வாசல் அடிமட்டத்தை ஒட்டியே இருக்கட்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையின் மேலோ செங்கற்களின் மேலோ உயர்த்தி வைத்து, ஏற ஒரு சிறிய படியும் போட்டு, வாசலைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். பின்கதவின் இடைவெளிக்கு, பழைய வேட்டித் துணியை நீளமாகத் தைத்து மணல் நிரப்பி அணையாகப் போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் எல்லாக் கதவுகளுக்கும் அதுதான்.

படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள். பூனையின் மயிர் தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அதற்குக் கதகதப்பு. மயிர் ஈரமானால் அந்தக் காற்று போய்விடும். நம் ஊரில் மழை இல்லாத நாளிலும் துணிகள் நமுத்துப் போவதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். நமுத்த கம்பளி, கம்பளி இல்லாததைவிட மோசம். ஆகவே படுக்கையைத் தினமும் மதிய வெயிலில் காயப்போட்டு, நான்கு மணிக்குள் எடுத்துவிடுங்கள். இரண்டு செட் வைத்திருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். முதல் முறை மட்டும் புதுத் துணி போடாமல், நீங்கள் உடுத்திக் களைந்த ஸ்வெட்டரைத் துவைக்காமல் போடுங்கள், உங்கள் வாசனை இருந்தால் நம்பி நுழைவாள். வெளியே திரியும் பூனைகளுக்குப் பெட்டி வைக்கும்போது துணியே கூடாது, உலர்ந்த வைக்கோல்தான் சரி. வைக்கோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளாது, பூனையும் அதைக் குடைந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. மேகமில்லாத இரவில் குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். உங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால், மாலையில் வானம் துடைத்துவிட்டது போல் இருந்து நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் அன்றிரவு உறைபனி என்று வைத்துக்கொண்டு, படுக்கையில் ஒரு மடிப்புக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். போகப்போகக் குளிர்கால மயிர் அடர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பூனையின் மயிர் பெரும்பாலும் பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்தே மாறுகிறது. 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை என்பதால், குளிர்நாட்டுப் பூனைகளுக்கு வளர்வதைப் போன்ற அடர்த்தி இங்கே வராது.

மலைக் கால்நடை மருத்துவர் எழுதுகிறார்:

நீலகிரியில் நீண்ட காலம் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில், முதலில் அவசரமான இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

நீலகிரித் தைலத்தைப் பூனையின் உடம்பில் ஒரு சொட்டும் தடவாதீர்கள். இத்தகைய எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நெஞ்சில் தடவியதை அது நக்கியே தீரும் என்பதால் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் நஞ்சு உள்ளே போகிறது. எச்சில் ஒழுகுதல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். கற்பூரம் சேர்ந்த மார்புத் தைலங்களும் அப்படியே. யாராவது ஏற்கெனவே தடவியிருந்தால், மிதமான சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துவட்டி, உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சாத்திய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையூர்களில் குளிருக்காகக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அது பூனைக்கு மட்டும் அல்ல, உங்கள் குடும்பத்துக்கே ஆபத்து.

தும்மலைப் பொறுத்தவரை, மூக்கில் தெளிந்த நீர் மட்டும் வந்து, பூனை வழக்கம்போல் சாப்பிட்டால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில், எதையும் கலக்காமல், 10 நிமிடம் உடன் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மூக்கடைத்த பூனைக்கு உணவின் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. ஆகவே உணவை உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வையுங்கள். மஞ்சள் நிறச் சளி வந்தாலோ, ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

ஜன்னலில் ஏறாததைக் குளிரின் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. குளிரில் அந்த வலி கூடுதலாகத் தெரியக்கூடும், பூனையோ வலியை மறைக்கும் பிராணி. வலிக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை மருத்துவர் எழுதித் தருபவையாகவே இருக்க வேண்டும். நகங்களையும் பாருங்கள். கீறிப் பழகுவதை நிறுத்திவிட்ட கிழப் பூனைகளுக்கு நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது கருப்பன்தான். கடுவன் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. குளிரில் தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் அடக்கி வைத்துக்கொண்டால் அதில் அடைப்பு ஏற்படலாம். மணல் தட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பின்புறத் தாழ்வாரத்தில் இருந்தால் இன்றே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், அந்தக் குளிரில் போய் உட்கார அது விரும்பாது. வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், உப்பிடாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அந்த வேகவைத்த நீரோடு சேர்த்துக் கொடுங்கள். தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, கத்தி, சிறுநீர் வராமல் இருந்தால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை எடுக்காவிட்டால் உயிர் போகும்.

காதுகள் சில்லென்றிருப்பது மட்டும் ஆபத்து அல்ல. காதும் பாதமும் குளிர்ந்து, ஈறு வெளுத்து, அழைத்தாலும் தலை தூக்காமல் கிடந்தால், அதிலும் நடுக்கம்கூட நின்றுவிட்டால், உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் துவட்டி, கம்பளியில் சுற்றி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி வயிற்றோரமும் நெஞ்சோரமும் வைத்தபடி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வெந்நீரில் குளிப்பாட்டாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குன்னூர் ராஜன் எழுதுகிறார்:

மேலே எழுதிய அம்மா ஹீட்டரே தேவையில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறார். 13 வயதுப் பூனைக்கு, இரவு படுக்கும் முன் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கிவிட்டு அணைப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் சிவந்து எரியும் கம்பியுள்ள ஹீட்டர் வேண்டாம். எங்கள் பூனை அதன் அருகே ஒட்டிப் படுத்து மீசை முழுவதும் சுருண்டு கருகிப்போன பிறகுதான் நான் ஆயில் ஹீட்டர் வாங்கினேன். அதையும் பூனையின் படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளியே வைத்திருக்கிறோம்.

கருப்பன் வெளியே போகிறவனாக இருந்தால், மாலை ஐந்தரை மணிக்குள் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். குளிருக்காக மட்டும் சொல்லவில்லை, குடியிருப்புகளுக்குள் சிறுத்தை வந்து போகும் ஊர் இது. மேலும், காலையில் காரை எடுக்கும்போது பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள். இரவில் நிறுத்திய வண்டியின் எஞ்சின் சூட்டுக்குள் பூனைகள் ஏறிப் படுத்துக்கொள்ளும். வண்டியிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஒழுகியிருந்தால் உடனே கழுவிவிடுங்கள், அதைக் கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

வைகைக்கரையான் மீண்டும் எழுதுகிறார்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். உங்கள் மூவருக்கும் எங்கள் வீட்டார் அனைவரின் நன்றி.

மணல் தட்டு டாக்டர் ஐயா ஊகித்தபடியே பின்தாழ்வாரத்தில்தான் இருந்தது. அன்றைக்கே கூடத்துக்குக் கொண்டுவந்தோம், கருப்பன் ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறான். மீன் வேகவைத்த நீரைக் கிண்ணத்தோடு நக்கிக் காலி செய்துவிடுகிறான். செல்லாயியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, வலது முன்காலில் ஒரு நகம் வளைந்து சதையைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் காட்டினார்கள். தினமும் மடியில் வைத்திருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை என்பது மிகுந்த வருத்தம் தந்தது. நகத்தை வெட்டி, மூட்டுக்கு மருந்தும் எழுதித் தந்திருக்கிறார்கள். தும்மல் ஆவியிலேயே நின்றுவிட்டது.

மலர்விழி அம்மா சொன்ன பெட்டியை இரண்டு நாட்கள் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, நான் அலுவலகத்துக்குப் போட்டுச் சென்ற ஸ்வெட்டரைக் கழற்றிய சூட்டோடு உள்ளே போட்டேன். பத்து நிமிடம் வாசலில் நின்று முகர்ந்தாள், பிறகு முன்கால்களால் அதை நெடுநேரம் பிசைந்துவிட்டு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள். இன்று காலை ஆறு மணிக்கு வாசற்புல் வெளுத்திருந்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அவளுக்கு அடியில் இருந்த கம்பளி இட்லித் துணியைப்போல் வெதுவெதுவென்று இருந்தது, காதுகளும் சூடாக இருந்தன. ஹீட்டர் இன்னும் வாங்கவில்லை. கருப்பனுக்கு பீரோவின் மேல் இன்னொரு பெட்டி தயாராகிறது.