ரோஜாவ எவ்வளவு வெட்டணும்? நாலு தொட்டில நாலு வகை இருக்கு

மொட்டைமாடி_மதுரை:
வணக்கம் மக்களே, மாடில நாலு ரோஜா வச்சிருக்கேன். ஒரு பன்னீர் ரோஸ், நர்சரில வாங்குன பெரிய பூ ஒட்டுச்செடி, ஒரு பட்டன் ரோஸ், அப்புறம் கைப்பிடி கம்பில ஏத்திவிட்ட கொடி ரோஸ். போன வருஷம் ஒரு வீடியோ பார்த்துட்டு நாலையும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமா வெட்டிட்டேன். பன்னீர் ரோஸ் பிரமாதமா வந்துச்சு, ஆனா கொடி ரோஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒத்தப் பூ இல்ல, வெறும் இலைதான். ஒட்டுச்செடில ரெண்டு கிளை நுனிலேர்ந்து கருத்துக்கிட்டே கீழ இறங்குது. எங்க அத்தை வேற "பூத்த செடிய மொட்டையடிச்சிட்டியே"ன்னு தினமும் ஒரு பாட்டு. எதை எப்படி வெட்டுறது?

ஓசூர்_தோட்டக்காரன்:
கொடி ரோஸ்ல நீங்க வெட்டுனது பூக்க வேண்டிய கிளையையே. பல கொடி வகைங்க போன வருஷம் வளந்த நீட்டுக் கிளைலதான் பக்கக்கிளை விட்டுப் பூக்கும். அந்த நீட்டுக் கிளைய தொடாம கம்பியோட படுக்கவச்சு கட்டுங்க, நேரா நிக்கவிட்டா உச்சில மட்டும் நாலு பூ வரும், படுக்கவச்சா கணுவுக்கு கணு முளைக்கும். பூத்து ஓஞ்ச பக்கக்கிளைய மட்டும் ரெண்டு மூணு கணு விட்டு நறுக்குனா போதும்.
ஒட்டுச்செடிக்கு அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கவாத்து. போன சீசன் கிளைய பாதிக்கு வெட்டலாம், காஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது, நோஞ்சான் கிளை எல்லாம் அடியோட போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு கால் இஞ்ச் மேல சாய்வா வெட்டணும், உள்பக்கம் பார்த்த கணுன்னா புதுக்கிளை செடிக்கு நடுவுல புகுந்து காத்தோட்டமே போயிடும். கருத்த கிளைய வெட்ட மட்டும் யோசிக்காதீங்க, தண்டுக்கு உள்ள பழுப்பு போய் வெள்ளையா தெரியுற வரைக்கும் இறக்கி வெட்டுங்க. எங்க பக்கம் பிப்ரவரி 14க்கு பூ வேணும்னா டிசம்பர்லயே வெட்டிடுவாங்க, வெட்டுனதுலேர்ந்து பூக்க சுமார் ஒன்றரை மாசம் ஆகும்.

பூக்காரி:
வெட்டுன வாய்ல சாணி வச்சுவிடுங்க சிஸ், எங்க ஆச்சி அதான் செய்வாங்க 😊 பட்டன் ரோஸுக்கு இவ்ளோ கணக்கெல்லாம் வேணாம், வாடுன கொத்த கிள்ளிவிட்டு மேலாக்க தட்டிவிட்டா அதுபாட்டுக்கு பூக்கும்.

ஓசூர்_தோட்டக்காரன்:
சாணி பழைய பழக்கம்தான், நான் போர்டோ பசைதான் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவுவேன், மழை நேரத்துல அதான் நம்பிக்கை. அடைமழைல கத்திரியே எடுக்காதீங்க, ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும். நோய் கிளைய வெட்டுன கத்திரிய துடைக்காம அடுத்த செடிக்கும் கொண்டு போகாதீங்க.

கார்த்தி_திண்டுக்கல்:
ஒண்ண விட்டுட்டீங்களே. ஒட்டு கட்டுன முடிச்சுக்கு கீழேர்ந்து ஒரு கிளை சர்ருனு வந்திருக்கான்னு பாருங்க, இலையே வேற மாதிரி இருக்கும். அது ஒட்டு போட அடில வச்ச காட்டு வேர்ச்செடியோடது. நான் "ஆஹா தளதளன்னு வளருதே"ன்னு ஆறு மாசம் தண்ணி ஊத்தி வளத்தேன், கடைசில ஒட்டுன ரோஜா செத்து அது மட்டும் நின்னுச்சு. வெட்டுனா திரும்ப வரும், மண்ண விலக்கி அது புறப்படுற இடத்துலயே பிச்சு எடுத்துடணும்.

மொட்டைமாடி_மதுரை:
அடக்கடவுளே, இப்பதான் டார்ச் அடிச்சு பார்த்துட்டு வரேன், முடிச்சுக்கு கீழ ரெண்டு இருக்கு! அதுல ஒண்ணுக்கு நான் குச்சி நட்டு கயிறு வேற கட்டியிருக்கேன். காலைல முதல் வேலை அதான், கொடி ரோஸ அத்தை கண்ணு முன்னாடி கத்திரி இல்லாம வளைச்சு கட்டப் போறேன்.