கூலி கேட்டா கர்மயோகம் கெட்டுப்போகுமா?

திற்பரப்பு:
குலசேகரத்துல கீதை வகுப்பு. ரெண்டு வாரமா 2.47-ஐ (ரெண்டாம் அத்தியாயம், 47-வது சுலோகம்) தாண்ட முடியல. பலன்ல அதிகாரம் இல்லன்னா, விடியுமுன்ன ரப்பர் வெட்டப் போறவன் கூலி கேக்கப்பிடாதா? இன்னொண்ணு, வேலைய விட்டுட்டு மடத்துல போயி இருந்தா அது துறவுதானே? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பழையாறு:
அந்தச் சுலோகத்துக்கு நாலு பாதம். ரெண்டோட நிறுத்திடுறதுதான் கோளாறு. செயல்ல மட்டும் உனக்கு அதிகாரம். பலன்ல ஒருநாளும் இல்ல. மூணாவது, பலனுக்காகவே செய்யுறவனா ஆகாதே. நாலாவது, செய்யாம இருக்கிறதுலயும் பற்று வைக்காதே. மடத்துக் கேள்விக்கு அந்த நாலாவது பாதமே பதில். 18.7, 18.8 இன்னும் கறார்: விதிச்ச கடமைய மயக்கத்துல விட்டா தாமசம் (இருள் குணம்), உடம்பு நோகுமேன்னு விட்டா ராஜசம் (ஆசை, வேகத்தோட குணம்), ரெண்டாவது ஆளுக்குத் துறவோட பலன் கிடைக்காதுன்னே சொல்லுது. 18.9-ல் சாத்விகத் (தெளிவு குணத்துத்) தியாகம்னு வர்றது, வேலையச் செஞ்சுக்கிட்டே பற்றையும் பலனையும் விடுறது.

கூலி வேற விஷயம். கூலி பேசுறது, தரலன்னா போய்க் கேக்குறது, எல்லாம் செயல். கிடைக்குமா கிடைக்காதான்னு ராத்திரி முழுக்க உருண்டு படுக்குறது இருக்கே, அதைத்தான் விடச் சொல்லுது.

வேளிமலை:
மக்களே, ரப்பரையே எடுத்துக்கிடுங்க. 18.14-ல் ஒரு செயலுக்கு அஞ்சு காரணம் சொல்லுது: அதிஷ்டானம் (இருப்பிடம்), கர்த்தா (செய்யுறவன்), கரணம் (கருவி), சேஷ்டை (முயற்சி), தெய்வம். உரைகாரங்க அதிஷ்டானத்த உடம்புன்னும் கரணத்த இந்திரியம்னும் சொல்லுவாங்க. வெட்டுக்காரனுக்க கையில என்ன இருக்கு? கத்திய நல்லா தீட்டணும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டணும். இடது மேலருந்து வலது கீழா சுமார் 30 டிகிரி சரிவு. உள்ள ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சம் விடணும், கத்தி பட்டைக்கு உள்ள இருக்குற தடிய தொட்டுட்டா காயம்பட்டு முண்டு கட்டும், பொறவு அந்த இடத்துல நேரா வெட்ட முடியாது. இது அத்தனையும் செயலாக்கும். சிரட்டையில பால் நிறையும்போ மழை வந்து அடிச்சிட்டுப் போறதும், ரப்பர் ஷீட்டு விலை இறங்குறதும் அஞ்சாவது காரணம்.

ஆனா மழைக்கு முன்னயே மரத்துல பிளாஸ்டிக் கட்டாம, 'தெய்வம்'னு சொன்னா அது சோம்பலாக்கும். 'நான் பலன விட்டாச்சு'ன்னு ஆழமா வெட்டிவைக்கிறவன் கர்மயோகி இல்ல. 18.25-ல், பின்விளைவு, நஷ்டம், பிறருக்க துன்பம், தன் திராணி, இதொண்ணும் பாக்காம மயக்கத்துல செய்யுறது தாமசம்னு தெளிவா கிடக்கு.

கோட்டாறு:
ஒரு வரம்பு சொல்கிறேன். பலனை விட்டேன் என்பவர் பலர் அதைப் புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். அன்னதானத்தில் பார்க்கலாம்: பதில் உபகாரம் கருதியோ மனக்கசப்போடோ கொடுத்தால் ராஜசம் (17.21). மதிப்பில்லாமல், அலட்சியமாகக் கொடுத்தால் தாமசம் (17.22), எதையும் எதிர்பார்க்காவிட்டாலும். பந்தியில் இலையைப் பார்க்காமல் சாம்பாரை வீசிவிட்டுப் போகிறவரும் இந்தக் கணக்கில்தான். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு' என்ற குறளும் (211) இதே இடத்தைத்தான் தொடுகிறது.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு இருவினையொப்பு என்று பெயர். நல்வினை, தீவினை இரண்டின் பயனிலும் ஒரே மனம். அது வந்தால்தான் மலபரிபாகமும் (உயிரைப் பற்றிய மலம் பக்குவப்படுவது) சத்திநிபாதமும் (இறையருள் பதிவது). நல்வினைப் பயனை மட்டும் பிடித்துக்கொள்வதும் கட்டுதான், பொன் விலங்கு.

திற்பரப்பு:
அப்போ இதையே ஒழுங்கா செஞ்சா நேரா மோட்சமா?

பழையாறு:
சங்கரர் வழியில நேரா இல்ல. கர்மயோகம் மனசைத் துலக்கும், சித்தசுத்தி, மோட்சம் ஞானத்தால. ராமானுஜர் கர்மயோகத்துக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்தாலும், முடிவுல பக்திக்குத்தான் கொண்டுபோறார். எந்த வழியிலயும் கர்மயோகத்தால மட்டும் பழைய சஞ்சிதம் (சேர்ந்து கிடக்குற வினை) உடனே கரைஞ்சுடாது, பிராரத்தம் (இந்தப் பிறவியில பலன் தரத் தொடங்கிட்ட வினை) அனுபவிச்சே தீரணும். பற்றில்லாம செய்யுறதால புதுசா ஆகாமியம் (இனி சேர்ற வினை) ஏறாது, அவ்வளவுதான்.

பழக்கத்துக்கு ஒண்ணு: வேலை தொடங்கும்போ இது யாருக்காகன்னு ஒரு வாக்கியம் மனசுல சொல்லிக்கோங்க, முடிஞ்சதும் 'கிருஷ்ணார்ப்பணம்'. 9.27-ல் கேக்குறது இதைத்தான். பூஜை முடிவுல சொல்ற 'காயேன வாசா' (உடம்பு, வாக்கு, மனசால செஞ்சதெல்லாம் நாராயணனுக்குன்னு வர்ற சுலோகம்) அதை வேலை முடிவுலயும் சொல்லலாம், தப்பில்ல.

வேளிமலை:
அர்ப்பணம் பண்ணுனதுக்கு அப்புறமும், 'நம்மள ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கலியே'ன்னு தோணுதான்னு பாருங்க. தோணும். தோணுனதும் அதையும் அர்ப்பணத்துல சேத்துக்கிடுங்க. விரட்டப் போனா மல்லுக்கட்டுதான் மிஞ்சும்.