நைட் ஆடிட்: "இரவுத் தணிக்கை" சரிதானா?

[ஃபிரண்ட் ஆபீஸ் பாடம் நடத்தும் உறுப்பினர்]

அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டல் மேலாண்மைப் பட்டப்படிப்புக்கான சொற்பட்டியலில் ஃபிரண்ட் ஆபீஸ் (வரவேற்பு மேசைப் பிரிவு) பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. "நைட் ஆடிட்" மட்டும் நிற்கிறது. பட்டியலில் இப்போது இருப்பது "இரவுத் தணிக்கை". சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தணிக்கை என்றதும், யாரோ வெளியிலிருந்து வந்து முடிந்த கணக்கைச் சோதிக்கிறார் என்றே மாணவருக்குத் தோன்றும். அந்த வேலை அப்படிப்பட்டது இல்லை.

வேலை இதுதான். இரவு 11 மணி ஷிஃப்டில் வருபவர், ரெஸ்டாரன்ட்டும் பாரும் மூடும்வரை காத்திருந்து, அங்கிருந்து வரவேண்டிய பில்கள் எல்லாம் அந்தந்த அறைக் கணக்கில் ஏறிவிட்டனவா என்று பார்க்கிறார். அன்று வரவேண்டியிருந்து வராதவர்கள், போகவேண்டியிருந்து போகாதவர்கள் ஆகியோரின் பதிவுகளைச் சரிசெய்கிறார். தங்கியிருக்கும் ஒவ்வோர் அறைக்கும் அன்றைய வாடகையையும் வரியையும் ஏற்றுகிறார். பற்று வரவைக் கூட்டி நேர் பார்க்கிறார். பிறகு ஓட்டல் கணக்கின் தேதியை மாற்றுகிறார். காலையில் மேலாளர் மேசைக்கு அறிக்கை போகிறது. 80 அறையில் 60 விற்று 3,00,000 ரூபாய் வாடகை வந்திருந்தால், நிரம்பல் 75 விழுக்காடு, விற்ற அறைக்குச் சராசரி 5,000, இருக்கும் அறைக்குச் சராசரி 3,750.

இத்தனையும் அடங்கும் ஒரு சொல் வேண்டும்.

—

[ஓட்டல் கணக்குத் துறை உறுப்பினர்]

தணிக்கை வேண்டாம் என்பதே என் கருத்தும். தணிக்கைக்கு முதல் விதி, கணக்கு எழுதியவரே தணிக்கை செய்யக் கூடாது என்பது. இங்கே வாடகையை ஏற்றுகிறவரும் நேர் பார்க்கிறவரும் ஒரே ஆள். சின்ன ஓட்டலில் அவரேதான் வரவேற்பு மேசையிலும் நிற்பார்.

"இரவு" என்ற பாதியையும் கேள்வி கேட்க வேண்டும். கணினி வருவதற்கு முன் கையால் எழுதிய பெரிய தாளிலும், பிறகு என்.சி.ஆர். 4200 போன்ற எந்திரங்களிலும் பில் ஏற்றிய காலத்தில், வரவு போக்கு அடங்கிய நேரம் இரவுதான். கணக்கை நிறுத்திவைத்துக் கூட்ட வேறு நேரம் கிடையாது. இரவு என்பது வசதிக்காக வந்தது. வேலையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: ஓட்டலின் நாள் நள்ளிரவில் முடிவதில்லை, யாராவது முடித்தால்தான் முடியும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது, காலண்டரில் 12 மணிக்கு மாறுகிறது, ஓட்டலில் 2 மணிக்கோ 3 மணிக்கோ ஒருவர் மாற்றும்போது மாறுகிறது.

இது புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 14-ஆம் தேதி இரவுக்குப் பதிவு செய்தவர், ரயில் தாமதமாகி விடியற்காலை 2 மணிக்கு வருகிறார். 1.30-க்கே நாளை மாற்றிவிட்டார்கள். திரையில் இப்போது 15. அவருடைய பதிவு "வராதவர்" பட்டியலுக்குப் போய்விட்டது. மேசையில் இருப்பவர் புதிதாக ஒரு இரவுக்கு செக்-இன் போட்டுவிட்டால், 14-ஆம் தேதி வாடகை ஏறாது, செக்-அவுட் 16 என்று விழும், 15-ஆம் தேதி மாலை வருபவருக்கு வைத்திருந்த அறை அடைபட்டுப் போகும். பழைய பதிவை மீட்டு, 14-க்கான வாடகையைக் கையால் ஏற்றி, செக்-அவுட்டை 15 என்றே வைக்க வேண்டும். நாளை மாற்றுவதற்கு முன் வராதவர் ஒவ்வொருவருக்கும் உறுதிப்பணம் இருக்கிறதா, தாமதமாக வருவேன் என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் இந்தச் சிக்கலே வராது.

எனவே என் பரிந்துரை "நாள்முடிப்பு". கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணி முடிக்கிறார். அதே வேலைதான் இது. "நாளடைப்பு" என்றும் சொல்லலாம். ஆனால் அடைப்பு என்றால் சாக்கடை அடைப்பும் நெஞ்சடைப்பும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

—

[இலங்கையிலிருந்து, சுற்றுலா முகாமைத்துவம் கற்பிக்கும் உறுப்பினர்]

வணக்கம். எங்களிடம் தணிக்கை என்ற சொல் கணக்கியலில் புழங்குவதில்லை. கணக்காய்வு என்போம். நீங்கள் இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) என்பது எங்கள் பாடநூல்களில் பரீட்சை மீதி. ஆகவே "இரவுக் கணக்காய்வு" என்றால் எங்கள் மாணவருக்கு உடனே விளங்கும். சொற்பட்டியல் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா?

அதைவிட முக்கியமான ஒன்று. ஆய்வு என்ற பகுதியை முழுவதும் கைவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை. பற்றும் வரவும் நேராக வந்தாலும் கணக்குப் பிழையாக இருக்கக் கூடும். உங்கள் ஜிஎஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. ஒருவர் 6,700 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 7,600 என்று அடித்துவிட்டார். 6,700-க்கு வரி 335, மொத்தம் 7,035. 7,600-க்கு வரி 1,368, மொத்தம் 8,968. விருந்தினர் தலையில் 1,933 ரூபாய் கூடுதலாக விழுகிறது. இருபுறமும் அதே பிழையான தொகைதான் ஏறுகிறது என்பதால் மீதி ஒரு சதமும் தவறாமல் நேராக நிற்கும்! பதிவில் பேசிய வாடகையையும் அறைக்குப் போட்ட வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாடகை ஏற்றுவதற்கு முன் ஒப்பிட்டால் மட்டுமே பிடிபடும்.

அறை நிலையும் அப்படித்தான். ஹவுஸ்கீப்பிங் மாலை அறிக்கையில் 312 காலி என்கிறது, வரவேற்பு மேசைத் திரையில் ஆள் இருக்கிறார். காரணம் மூன்றில் ஒன்று. பணம் கட்டிப் போய்விட்டார், திரையில் மாற்ற மறந்துவிட்டார்கள். அல்லது பணம் கட்டாமலே போய்விட்டார். அல்லது பெட்டி இங்கேயே இருக்க, வேறெங்கோ தங்கியிருக்கிறார்; படுக்கை கலையாததைப் பார்த்துக் காலி என்று குறித்துவிட்டார்கள். முதலாமவர் அறைக்கு வாடகை ஏற்றினால் அந்தப் பற்றைத் தீர்க்க ஆளே இராது, விற்கக்கூடிய அறையும் சும்மா கிடக்கும். மூன்றாமவருக்கு ஏற்றியே ஆக வேண்டும். இதைப் பிரித்தறிவது ஆய்வுதானே?

—

[ஓட்டல் கணக்குத் துறை உறுப்பினர்]

ஐயா சொல்வது நியாயம். வாடகை ஒப்பீட்டை நான் சொல்லாமல் விட்டது பிழை. ஆனாலும் அது நாளை முடிப்பதற்கு முன் செய்யும் ஒரு படி. முடிப்பு என்பதற்குள் சரிபார்ப்பு அடங்கும். ஆய்வு என்பதற்குள் வாடகை ஏற்றுவதும் தேதி மாற்றுவதும் அடங்கா.

நேர் பார்க்கும் படியைப் பாடத்தில் எண்ணோடு காட்டினால் நல்லது. தங்கியிருப்போர் கணக்கில் நேற்றைய பாக்கி 4,82,000. இன்றைய பற்று 3,15,000. இன்றைய வரவு 2,70,000. இன்று இரவு நிற்க வேண்டிய பாக்கி 5,27,000. கையால் பில் ஏற்றும் இடங்களில் இது இடித்தால், முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதமின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 540-ஐ 450 என்று ஏற்றினால் வித்தியாசம் 90. வகுபடவில்லையா, பாதியாக்கி அந்தத் தொகையில் ஏதாவது பில் இருக்கிறதா என்று தேட வேண்டும். வரவைப் பற்றில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும்.

—

[ஓட்டல் மென்பொருளைத் தமிழாக்கும் உறுப்பினர்]

நாள்முடிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் திரையில் வைக்கும்போது ஓர் ஆபத்து. பொத்தானில் வினைச்சொல்லாக எழுதினால் "நாளை முடி" என்று வரும். தூக்கக் கலக்கத்தில் அதைப் படிப்பவர் "இன்று வேண்டாம், நாளைக்கு முடி" என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள மடல்களிலேயே "நாளை மாற்றுவதற்கு முன்" என்பதை இரண்டு தடவை படித்த பிறகே புரிந்துகொண்டேன். வேற்றுமை உருபு ஏறியதும் நாள் நாளையாகிவிடுகிறது. பெயர்ச்சொல்லாகவே வைத்து "நாள்முடிப்பைத் தொடங்கு" என்று போடலாம். தேதியைக் குறிக்க "கணக்கு நாள்" என்று தனிச்சொல் வேண்டும். திரையின் மேல்மூலையில் "கணக்கு நாள்: 14", அதன் பக்கத்தில் கடிகாரத்தில் "15, காலை 1.50" என்று இருந்தால் குழப்பம் குறையும்.

இன்னொன்று. தங்கியிருப்போர் பட்டியலை நாள்முடிப்புக்கு முன்பே தாளில் அச்சிட வேண்டும். தேதி மாறும் நேரத்தில் கணினி நின்றுபோனால், எந்த அறையில் யார் இருக்கிறார் என்பதற்குக் கையில் வேறு ஆதாரம் இருக்காது. இதைச் சொல் விளக்கத்திலேயே சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

—

[ஃபிரண்ட் ஆபீஸ் பாடம் நடத்தும் உறுப்பினர்]

எல்லோருக்கும் நன்றி. பதவிப் பெயருக்கு "இரவுக் கணக்கர்" என்று வைக்கலாமா? ஷிஃப்ட் இரவில்தான் என்பதால் ஆளைக் குறிக்கும்போது இரவு இருக்கட்டும், வேலையைக் குறிக்கும்போது வேண்டாம். கணக்கர் என்ற சொல் இரு நாட்டிலும் புழங்குவது. பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

நாள்முடிப்பு: ஓட்டலில் ஒரு கணக்கு நாளின் பில்கள் அனைத்தையும் ஏற்றி, அறை நிலையையும் வாடகையையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, தங்கியிருப்போர் பட்டியலை அச்சிட்டு, வாடகையும் வரியும் ஏற்றி, பற்று வரவை நேர் பார்த்து, கணக்கு நாளை அடுத்த தேதிக்கு மாற்றும் பணி. இலங்கை வழக்கு: இரவுக் கணக்காய்வு. செய்பவர்: இரவுக் கணக்கர்.

"கணக்கு நாளை" என்று வரும்போது அந்தக் குழப்பம் இல்லை, கவனித்தீர்களா? அடுத்துப் பட்டியலில் நிற்பது "சிட்டி லெட்ஜர்". விருந்தினர் போன பிறகும் பாக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள், பயண முகவர்கள் ஆகியோரின் கணக்கு அது. "நகரப் பேரேடு" என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். நகரத்துக்கும் அதற்கும் இன்று தொடர்பே இல்லை. "வெளிப் பேரேடு", "நிலுவைப் பேரேடு" என்று இரண்டு மனத்தில் இருக்கின்றன. தங்கியிருப்பவருக்கும் நிலுவை உண்டு என்பதால் நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். உங்கள் கருத்து?