பக்கத்து மொட்டை மாடியில் கட்டிப்போட்ட நாய்: நானே அவிழ்த்துவிடலாமா?

மதுரைக் குடும்பத்தலைவி:
வணக்கம். எங்கள் வீட்டை ஒட்டிய மொட்டை மாடியில், நாட்டு நாய் ஒன்றை இரண்டு முழச் சங்கிலியில் தண்ணீர்த் தொட்டியின் காலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்குமேல் தொட்டியின் நிழல் நகர்ந்துவிடுகிறது. நாயால் நகர முடிவதில்லை. குரைத்தால் அந்த வீட்டுப் பெரியவர் பிளாஸ்டிக் குழாயால் அடிக்கிறார். கேட்டதற்கு, “என் வீட்டு நாய், என் சோற்றைத் தின்கிறது, உங்களுக்கு என்னம்மா?” என்றார். ஞாயிறுகளில் அவர்கள் வெளியூர் போய்விடுவார்கள். நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். தாண்டிப்போய் அவிழ்த்து, தெரிந்தவர் தோட்டத்தில் விட்டுவிட நினைக்கிறேன். திருட்டு வழக்கு வரும் என்கிறார் என் கணவர். ஓர் உயிரைக் காப்பது எப்படித் திருட்டாகும்?

வழக்கறிஞர் ஒருவர்:
அம்மா, உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு நாய் அசையும் சொத்து. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டை விளக்கும் இடத்தில், பையில் தீனியை வைத்து அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரவைப்பவனையே உதாரணமாகக் காட்டுகிறது. தீய நோக்கம் இருந்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய கணத்திலேயே திருட்டு முடிந்துவிடுகிறது. உங்களிடம் அந்த நோக்கம் இல்லை என்பது உண்மைதான். சுவர் தாண்டியதற்கான அத்துமீறல் குற்றச்சாட்டுக்கும் அதே பதிலைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பதிலை நீங்கள் சொல்லப்போவது வழக்குப் பதிவான பிறகு, நீதிமன்றத்தில்.

அந்தப் பெரியவருக்கும் முழு உரிமை கிடையாது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவின்படி அடிப்பதும், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், உரிமையாளர் போதிய உணவும் நீரும் நிழலும் தராமலிருப்பதும் குற்றங்கள். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்தொகை மாறவில்லை என்பது நம் எல்லாருக்கும் தலைகுனிவு. மேலும், இவை பெரும்பாலும் போலீசார் தாமாக விசாரிக்க முடியாத குற்றங்கள். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஸ்டேஷனில் “இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆயினும் அதே மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் பலரும் அறியாத 34ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தக் காவல் அதிகாரியும், வதை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ கொண்டுபோகலாம். நீங்கள் செய்ய விரும்புவதைச் செய்ய அதிகாரம் பெற்றவர் அவர்தான். ஆகவே எழுத்தில் புகார் கொடுங்கள், இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் இச்சட்டத்தின் கீழ் பிறகு தொடர முடியாது என்பதால் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

சென்னை வாசகர்:
50 ரூபாய் அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? 2016இல் சென்னையில் ஒரு நாயை மாடியிலிருந்து வீசிய காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று புதிய சட்டத்தில் இருக்கிறதே, அதில் போடலாமே?

வழக்கறிஞர் ஒருவர்:
நீங்கள் சொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு. விலங்கைக் கொன்றாலோ, நஞ்சிட்டாலோ, முடமாக்கினாலோ அது பொருந்தும். போலீசார் நேரடியாகவே வழக்குப் பதியலாம். ஆனால் அது பிறருக்கு இழப்பு ஏற்படுத்தும் குற்றங்களின் வரிசையில் வருவதால், உரிமையாளர் தன் நாயையே வதைக்கும்போது அதைப் பொருத்துவது கடினம். தெரு நாய்க்கு விஷம் வைப்பவர்மீது அதைத் தயங்காமல் கேளுங்கள்.

மீட்புப் பணித் தன்னார்வலர்:
அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன். உங்கள் மாடியில் நின்றபடியே, தேதியும் நேரமும் தெரிய, நிழல் இல்லாத வேளையில் படம் எடுங்கள்; முகநூலில் போடாதீர்கள், போட்டால் பேச்சு நாயை விட்டு உங்கள்மீது திரும்பிவிடும். சுவருக்கு மேலிருந்து உணவு வீசவும் வேண்டாம். நாளை நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால் விஷம் வைத்தது நீங்கள்தான் என்பார்கள். இப்படி மாட்டிக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். அந்த வீட்டில் மனமிரங்குபவர் ஒருவராவது இருப்பார், அவரிடம் பேசிப் பாருங்கள்.

மதுரைக் குடும்பத்தலைவி:
அனைவருக்கும் நன்றி. பதினொரு படங்களோடு புகார் கொடுத்து, ரசீதும் வாங்கிவிட்டேன். 34ஆம் பிரிவைச் சொன்னதும் எஸ்.ஐ. புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். திங்கட்கிழமை கால்நடை மருத்துவரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை அந்த வீட்டு மருமகளிடம் பேசினேன். மாமனார் இல்லாத நேரம் பார்த்து, என் பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, தொட்டியின் கால்களுக்கிடையே அவரே பந்தல்போலக் கட்டிவிட்டார். இன்று பகல் முழுவதும் நாய் அதன் அடியில் படுத்திருந்தது.