பையனோட நானும் ஸ்கவுட்ஸ்ல சேரலாமா?

சாட்ஸ்வர்த் அம்மா: டர்பன்ல இருக்கோம், மகனுக்கு 8 வயசு, ஸ்கவுட்ஸ்ல சேரணும்னு ஒரே ஆசை ஆனா யாரோடயும் சட்டுனு பேசமாட்டான், நானும் கூட இருந்தா தைரியமா இருப்பான்னு தோணுது. பெத்தவங்களையும் சேத்துக்குவாங்களா?

டெண்ட் தம்பி: தாராளமா அக்கா. 8 வயசுன்னா கப்ஸ்ங்கிற சின்னப் பிள்ளைங்க பிரிவு, 11 வயசுல இருந்து ஸ்கவுட்ஸ், பொண்ணுங்களும் உண்டு. நீங்க லீடரா சேரலாம், போலீஸ் கிளியரன்ஸ் வேணும், பயிற்சியும் எடுக்கணும். அந்தப் பயிற்சியை முடிச்சா குடுக்கிற மரமணி நம்ம ஊரு சூலு இன மக்களோட கழுத்து மாலை மணியைப் பாத்து செஞ்சதுதான், அதை வாங்கின அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ரெண்டு பிள்ளை அப்பா: சேருங்கம்மா, ஆனா மகன் இருக்கிற சின்னக் குழுவை நீங்களே பாக்காதீங்க. என் பையன் எதுக்கெடுத்தாலும் என் மூஞ்சியத்தான் பாத்தான், நான் வேற குழுவுக்கு மாறின அப்புறம்தான் தானா கயித்துல முடிச்சு போடக் கத்துக்கிட்டான்.

சாட்ஸ்வர்த் அம்மா: ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.