கேமராவின் இடமும் கோணமும்: இரண்டு கண்மாய்களில் கற்றவை

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கண்மாயை ட்ரோன் கொண்டு அளந்தபோது நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். படங்களைச் செயலாக்கி முடித்ததும், தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடமும் உயரமும் அளந்து தரையில் குறித்தவை) எல்லாவற்றிலும் உயரப் பிழை 95 மீட்டரை ஒட்டியே வந்தது. பிழை புள்ளிக்குப் புள்ளி மாறியிருந்தால் ஜி.பி.எஸ். மீது பழி போட்டிருப்பேன். எங்கும் ஒரே அளவாக இருந்ததால்தான் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட கேமரா இடத்தைப் பட்டியலிடும் சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தேன். கரையின் மட்டம் சுமார் 55 மீட்டர், பறந்தது அதற்கு மேல் 100 மீட்டர். ஆகவே 155 இருக்க வேண்டிய உயரப் பத்தியில் 60.1, 60.3, 59.8 என்றே வரிசையாக இருந்தன.

பி.பி.கே. கணக்கீடு, அதாவது பறந்து முடிந்தபின் ஜி.பி.எஸ். பதிவுகளைத் திருத்தும் முறை, தருவது எலிப்சாய்டு உயரம்; பூமிக்கு ஒப்பாகக் கொள்ளும் கணித வடிவத்தின் பரப்பிலிருந்து அளந்த உயரம் அது. எங்கள் பெஞ்ச்மார்க்கின் (உயரம் அறிந்த நிலைக்குறி) உயரமோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. உலகிலேயே ஜியாய்டு (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய ஈர்ப்புப் பரப்பு) மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே கடலில் இருப்பதால், நம் தென்மாவட்டங்களில் இவ்விரண்டுக்கும் இடையே 90 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வருகிறது. இ.ஜி.எம். 2008 என்ற புவியீர்ப்பு மாதிரியைக் கொண்டு கேமரா உயரங்களை மாற்றி, அருகிலிருந்த ஒரு பெஞ்ச்மார்க்கில் ஒப்பிட்ட பிறகே மீண்டும் செயலாக்கினேன்.

கோணத்தில் நேர்ந்தது இதைவிட நுட்பமானது. ட்ரோன் நோக்கும் திசையைச் சொல்லும் யா கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் கூடுகிறது. படச் செயலாக்கத்தில் அதே திருப்பத்தைக் குறிக்கும் கப்பா கோணம் இடஞ்சுழியாகக் கூடுகிறது. யாவைக் கப்பாவாக மாற்ற நான் எழுதிய நிரலில் இந்தக் குறி மாற்றம் விடுபட்டிருந்தது. முதல் கண்மாயில் வடக்கு தெற்காகவே பறந்ததால் 0, 180 என்ற கோணங்கள் குறி மாறினாலும் அதே திசையைத்தான் காட்டின, பிழை வெளியே தெரியவில்லை. அடுத்த கண்மாயின் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அங்கே 90 பாகை மைனஸ் 90 ஆக வேண்டியது அப்படியே நின்றுவிட, ஒவ்வொரு படமும் தலைகீழாக அமர்ந்தது. கரைக்கு வெளியே இருக்க வேண்டிய கலுங்கின் வாய்க்கால் நீர்ப்பரப்புக்குள் இறங்கிக் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது அடுத்தடுத்த இரு படங்களின் ஆயத்தொலைவுகளிலிருந்து பறந்த திசையைக் கணக்கிட்டு, கோப்பிலுள்ள யா கோணத்துடன் ஒப்பிடுகிறேன். அதற்காகவே ஒரு கிழக்கு மேற்குக் கீற்றையும் தனியே பறக்கவிடுகிறேன். முதல் கண்மாயின் கோப்பையும் எடுத்துத் திருத்திவிட்டேன்.