புதுப்பிப்பு: வெளியிலிருந்து வீட்டு சர்வருக்குள் நுழைவது

வெளியூரிலிருந்து வீட்டு சர்வருக்குள் நுழைய ரவுட்டரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டைத் திறந்தேன், லாக் முழுக்க யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறார்கள், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் வேலையாக அந்தப் போர்ட்டை மூடினேன். இப்போது வயர்கார்டு என்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாக மட்டுமே வருகிறேன். திறந்திருப்பது அதற்கான யுடிபி 51820 போர்ட் ஒன்றுதான். சரியான சாவி (ரகசியக் குறியீடு) இல்லாமல் தட்டினால் அது பதிலே தராது. துழாவுபவர்களுக்கு அங்கே ஏதோ இருப்பதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் எஸ்எஸ்எச். அதற்கும் தனியாகச் சாவி உருவாக்கி, கடவுச்சொல் நுழைவையும் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) நுழைவையும் நிறுத்தினேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மாற்றத்தைச் செய்யும்போது பழைய இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் சாவியால் நுழைந்து பார்த்த பிறகே மூடுங்கள். நான் அவசரப்பட்டு மூடிவிட்டேன். சாவி இருந்த கோப்புறையின் அனுமதி தவறாக இருந்ததால் நுழைய முடியவில்லை. வீடு திரும்பி மானிட்டரை இணைத்துத்தான் சரிசெய்தேன். சரியான அனுமதி எண்கள்: கோப்புறைக்கு 700, உள்ளிருக்கும் சாவிக் கோப்புக்கு 600 (இரண்டுமே உரிமையாளருக்கு மட்டும் அனுமதி).

பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இப்போது தானாகவே நிறுவப்படுகின்றன. வீட்டின் ஐபி (இணைய முகவரி) அடிக்கடி மாறுவதால், அது மாறினாலும் ஒரே பெயரில் வந்தடைய உதவும் டைனமிக் டிஎன்எஸ் வைத்தேன். பேக்கப் மட்டும் பாக்கி. இந்த வார இறுதியில் அதைத் தொடங்குகிறேன்.